நன்னிலத்து வெண்ணெய்: அன்றாட வாழ்வில் வேதாந்தம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குத் தரப்பட்ட பொருள் ‘அன்றாட வாழ்வில் வேதாந்தம்’ என்பது. பண்டிதர்க்கு மட்டுமன்றி எல்லார்க்கும் விளங்கும்படி சொல்ல வேண்டும் என்ற அன்புக் கட்டளையும் உடன் வந்தது. வேதாந்தம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவர்க்கு இருவகை எண்ணம் எழுவதுண்டு. அது வடமொழி கற்றாரின் தனியுடைமை என்பது ஒன்று. கையாலாகாதவர் பேசும் பேச்சு என்பது மற்றொன்று. தொழிலில் நொடித்துப்போனவர் ஒருவர் ‘எல்லாம் மாயை’ என்று பெருமூச்சு விட்டால், ‘என்ன, வேதாந்தம் பேசத் தொடங்கிவிட்டீரே’ என்று நாம் நகைக்கின்றோம் அல்லவா? இவ்வெண்ணங்கள் எவ்வளவு பொருந்தும் என்பதைக் காவிரிக்கரையில் நின்றபடியே பார்க்கலாம் எனக் கருதுகின்றேன். அதற்குத் துணையாக நம் மண்ணிலேயே பிறந்த தமிழ் நூல் ஒன்று இருக்கின்றது.

நன்னிலத்தார் கடைந்தது

மயிலாடுதுறைக்கும் திருவாரூருக்கும் இடையே உள்ள ஊர் நன்னிலம். பழைய தஞ்சை மாவட்டத்தில் இருந்தது. இன்று திருவாரூர் மாவட்டத்தைச் சார்ந்தது. அவ்வூர்த் தாண்டவராய சுவாமிகள் இயற்றிய நூல் ‘கைவல்ய நவநீதம்’. நாராயண தேசிகர் என்பவர் அவருடைய ஆசிரியர். தத்துவ விளக்கப் படலம், சந்தேகம் தெளிதல் படலம் என இரண்டே பிரிவுகள். ஏறத்தாழ 300 பாடல்கள். நூல் முழுதும் ஆசிரியனும் மாணாக்கனும் பேசிக்கொள்ளும் உரையாடல். மாணாக்கன் கேட்கின்றான், விடை வருகின்றது, விடையில் நிறைவு கொள்ளாமல் மீண்டும் கேட்கின்றான். இரண்டாம் படலத்திற்கு இட்ட பெயரே ஐயத்திற்கு அந்நூல் தரும் மதிப்பைக் காட்டும்.

நூற்பெயரின் பொருள் எளியது. கைவல்யம் என்பது விடுதலை. நவநீதம் என்பது புதிதாய் எடுத்த வெண்ணெய். வேதாந்தம் பாற்கடல் போன்று பரந்து கிடந்தது. முன்னோர் அதனை முகந்து நூல்களாகிய குடங்களில் நிறைத்து வைத்தனர். நான் அதனைக் காய்ச்சிக் கடைந்து வெண்ணெயாகத் தந்தேன் என்று ஆசிரியர் தம் முயற்சியை விளக்குகின்றார். பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, உறை ஊற்றி, மறுநாள் மத்திட்டுக் கடைந்து வெண்ணெய் திரட்டும் வேலையை அறியாத வீடு அந்நாளில் இல்லை. அரிய தத்துவ நூலுக்கு ஒருவர் அடுக்களையிலிருந்து பெயர் எடுத்தார் என்பதை நாம் கருதிப் பார்க்க வேண்டும்.

இந்நூல் நன்னிலத்தோடு நிற்கவில்லை. செட்டிநாட்டுக் கோவிலூர் மடத்தில் தமிழ் வேதாந்த நூல்களைப் பாடம் சொல்லும் மரபு தழைத்தபோது இது அங்கே முதன்மையான பாடநூல்களுள் ஒன்றாயிற்று. செருமானிய அறிஞர் கார்ல் கிரௌல் 1855 ஆம் ஆண்டில் இதன் தமிழ் மூலத்தை ஆங்கில மொழிபெயர்ப்புடன் லைப்சிக் நகரில் பதிப்பித்தார். இரமண மகரிஷி தம்மை நாடி வந்தவர்க்கு அடிக்கடி எடுத்துக்காட்டிய நூல்களுள்ளும் இஃது ஒன்று. வேதாந்தம் வடமொழியாளரின் தனியுடைமை என்னும் எண்ணத்திற்கு நன்னிலத்தாரின் நூலே போதிய மறுப்பு.

உவமையின் திசை

இங்கே கவிஞர்கள் பலர் அமர்ந்திருக்கின்றீர்கள். எனவே உவமையைப் பற்றி ஒரு கருத்தை உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன். உவமையாக வரும் பொருள் உயர்ந்ததாக இருத்தல் வேண்டும் என்பது தொல்காப்பிய உவமையியல் காட்டும் நெறி. முகத்திற்கு மதியை உவமை சொன்னால் முகம் சிறக்கின்றது. கொடைக்கு மழையைச் சொன்னால் கொடை சிறக்கின்றது. வேதாந்த நூல்களிலோ உவமை இதற்கு நேர்மாறாக நடக்கின்றது. சொல்லப்படும் பொருள் பிரமம். உவமைகளோ மண்குடம், கயிறு, உப்பு, வெண்ணெய். மிக உயர்ந்ததற்கு மிக எளியதை உவமையாக்குகின்றனர்.

இதன் காரணம் தெளிவானது. கவிஞரின் உவமை ஒரு பொருளைச் சிறப்பிக்க எழுவது. வேதாந்தியின் உவமை அறியாத ஒன்றை அறிந்ததைக் கொண்டு உணர்த்த எழுவது. இதனைத் தருக்க நூலார் திட்டாந்தம் என்பர். மணிமேகலையின் 29 ஆம் காதையில் அளவை இலக்கணம் பேசும் சாத்தனார், மலையில் புகை கண்டு அங்கே நெருப்பு உண்டென்று நிறுவுவதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வது அடுக்களையைத்தான். ஐயமற அறிந்த இடம் எதுவோ, அங்கிருந்துதான் அறிவு புறப்பட வேண்டும்.

இதிலிருந்து ஒரு கடமையும் பிறக்கின்றது. அடுக்களையிலிருந்தும் வயலிலிருந்தும் எடுத்துக்காட்டைப் பெற்றுக்கொண்ட தத்துவம், தான் கண்ட உண்மையை அதே அடுக்களைக்கும் அதே வயலுக்கும் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அவ்வாறு சேர்த்ததா என்பதே இவ்வுரையில் நான் எழுப்பும் கேள்வி. முதலில் எடுத்துக்காட்டுகள் சிலவற்றைப் பார்ப்போம்.

வரப்பில் கிடக்கும் பழுதை

அந்தி மயங்கும் நேரம். ஒருவர் வயல் வரப்பின் மேல் நடந்து வருகின்றார். காலடியில் வளைந்து நெளிந்து ஏதோ கிடக்கின்றது. பாம்பென்று துள்ளிப் பின்வாங்குகின்றார், நெஞ்சு படபடக்கின்றது, வியர்க்கின்றது. யாரோ ஒருவர் விளக்கோடு வருகின்றார். பார்த்தால் வைக்கோலில் திரித்த பழுதை. நெற்கட்டுக் கட்டியவர் விட்டுச் சென்றது.

‘பழுதை என்று மிதிக்கவும் இல்லை, பாம்பென்று தாண்டவும் இல்லை’ என்னும் பழமொழியை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கின்றோம். வேதாந்த நூல்கள் கயிற்றரவு என்று பேசுவதைத்தான் நெல் விளையும் நாட்டு மக்கள் தங்கள் கைப்பொருளால் இவ்வாறு சொல்லி வைத்தார்கள்.

இவ்வெடுத்துக்காட்டில் மூன்று செய்திகள் உள்ளன. பழுதை எப்போதும் பழுதையாகவே இருந்தது. பார்த்தவர் அஞ்சியதால் அதற்கு நஞ்சு ஏறவில்லை. ஆனால் அச்சம் பொய்யன்று. துடித்த நெஞ்சும் பூத்த வியர்வையும் மெய்யாகவே நிகழ்ந்தவை. மூன்றாவது, அந்தப் பாம்பை நீக்கத் தடி பயன்படாது, விளக்குத்தான் வேண்டும். உள்ளதை மறைத்து இல்லாததைக் காட்டுவது அறியாமை. ஒன்றின் மேல் மற்றொன்றை ஏற்றிக் காணும் இதனை அத்தியாசம் என்றும், ஆரோபம் என்றும் நூல்கள் கூறும். எல்லையற்ற அறிவாகிய தன்னை இந்த உடலே தான் என்றும், இந்தப் பெயரே தான் என்றும், இந்தப் பதவியே தான் என்றும் காண்பது பழுதையில் பாம்பு காண்பது போன்றது என்பதே அத்துவித வேதாந்தத்தின் அடிப்படைக் கொள்கை.

விளக்கும் உலக்கையும்

தருமபுரமும் திருவாவடுதுறையும் சைவ சித்தாந்தத்தை வளர்த்த நாடு இது. ஆகவே சித்தாந்தத்தின் எடுத்துக்காட்டையும் அருகில் வைத்துப் பார்ப்பது நன்று. நெல்லுக்கு உமி போலவும் செம்புக்குக் களிம்பு போலவும் உயிருக்கு ஆணவ மலம் தொன்றுதொட்டே உடன் உள்ளது என்பர் சித்தாந்திகள். உமி மெய்யாகவே உள்ளது. விளக்கை ஏற்றிக் காட்டினால் அது போய்விடாது. உலக்கை கொண்டு குற்ற வேண்டும். அதற்கு உழைப்பும் வேண்டும், அருளும் வேண்டும்.

இரு நெறிகளுக்கும் உள்ள வேறுபாட்டைப் பல நூறு பக்கங்களில் எழுதியிருக்கின்றார்கள். விளக்கா, உலக்கையா என்று கேட்டால் பாதி வேறுபாடு விளங்கிவிடும். அத்துவிதிகளும் உமியைச் சொல்லாமல் இல்லை. உடல், உயிர்ப்பு, மனம் முதலாகிய ஐந்து கோசங்களை நீக்கி ஆன்மாவைக் காண்பதை உமியைக் குற்றி அரிசியைப் பிரிப்பதற்கு ஒப்பிடுவர். ஆயினும் அவர்கள் உலக்கை என்பது ஆராய்ச்சியே, செயலன்று. ஒரு நெல்மணியிலிருந்தே இரண்டு பெருந்தத்துவங்கள் தத்தம் கொள்கையை எடுத்துக்கொண்டன என்பது இம்மண்ணுக்கு உரிய பெருமை.

உப்பும் ஆறும்

சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவிடம் உப்பை நீரில் இடச் சொல்கின்றார். மறுநாள், இட்ட உப்பை எடுத்துத் தா என்கின்றார். எடுக்க இயலவில்லை. மேலே அருந்திப் பார், நடுவே அருந்திப் பார், அடியில் அருந்திப் பார் என்கின்றார். எங்கும் உப்பு. கண்ணுக்குத் தெரியாமல் எங்கும் நிறைந்த பொருள் இத்தகையது, அதுவே நீ என்கின்றார். நம் கடற்கரையில் உப்பு விளையும் ஊரின் பெயரே வேதாரணியம், திருமறைக்காடு. அங்கே விளைந்த உப்பு நம் வீட்டு இரசத்தில் கரைந்திருக்கும்போது அதனை யாரும் காண்பதில்லை. இல்லாவிட்டாலோ முதல் வாயிலேயே எல்லாரும் அறிந்துவிடுகின்றனர். இருப்பினும் காணப்படாமை என்ற கருத்தைப் புரியவைக்க இதனினும் எளிய வழி ஏது?

அடுத்தது ஆறு. கல்லணையில் ஒரே நீர் காவிரி என்றும், வெண்ணாறு என்றும், கொள்ளிடம் என்றும், கல்லணைக் கால்வாய் என்றும் பிரிகின்றது. கீழே வரவரக் குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, ஓடம்போக்கி, பாமணியாறு, கோரையாறு என்று பெயர்கள் பெருகுகின்றன. பெயரும் கரையும் வேறு, நீர் ஒன்று. நாமரூபம் என்று வேதாந்திகள் சொல்வது இதைத்தான். உலகம் மித்தை என்று அவர்கள் சொல்லும்போது, உலகம் இல்லை என்று சொல்லவில்லை. மண்ணை விட்டுக் குடம் தனியே நிற்காது. நீரை விட்டுக் குடமுருட்டி தனியே ஓடாது. அதுபோல உலகம் தன் மூலத்தை விட்டுத் தனித்து நில்லாதது என்பதே மித்தை என்னும் சொல்லின் பொருள். இந்த ஒரு சொல்லைப் பிழைபட உணர்ந்ததனால்தான் வேதாந்தம் கையாலாகாதவர் பேச்சு என்ற பழிக்கு ஆளாயிற்று.

ஆனால் நீர் ஒன்று என்பதை அறிந்ததோடு நம் வேலை முடிகின்றதா? மேட்டூர் அணை திறக்க மரபாகக் குறித்த நாள் சூன் 12. அந்நீர் தலைமடைக்கு வந்து பல நாள் கழித்தும் கடைமடைக்கு வந்து சேராத ஆண்டுகள் உண்டு. நீர் ஒன்றே என்று தலைமடைக்காரர் கடைமடைக்காரரிடம் சொல்லலாம். அச்சொல் உண்மையாவது, முறை வைத்து மதகைத் திறந்துவிடும்போதுதான்.

சாய்ந்த தென்னம்பிள்ளை

2018 ஆம் ஆண்டு நவம்பர் 16 ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் வேதாரணியம் பகுதியில் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. தென்னங்கன்றைத் தென்னம்பிள்ளை என்று அழைப்பவர்கள் நாம். மரம் சாய்ந்தபோது ‘என் தோப்புப் போயிற்று’ என்று சொன்னவர்கள் குறைவு. ‘நான் போய்விட்டேன்’ என்றே சொன்னார்கள்.

பிரம்மசூத்திர உரையின் முன்னுரையில் சங்கரர் இதனையே எடுத்துப் பேசுகின்றார். மனைவி மக்கள் நலிந்தால் தானே நலிந்ததாகவும், அவர்கள் நிறைவுற்றால் தானே நிறைவுற்றதாகவும் மனிதன் கருதுவது அத்தியாசத்தின் ஒரு வகை என்கின்றார். ‘எனது’ என்பது ‘நான்’ ஆகிவிடுகின்றது. பிள்ளை என்று பெயரிட்டு வளர்த்த மரத்தின் மேல் ‘நான்’ ஏறிக்கொண்டது.

அப்படியானால் அந்த உழவரிடம் போய், ‘ஐயா, விழுந்தது மரம், நீர் விழவில்லை, எல்லாம் மித்தை’ என்று சொல்லலாமா? சொல்லக் கூடாது. வேதாந்த நூல்களே அதற்கு இடம் தரவில்லை. தோற்றம் அளவில் உள்ளது பிராதிபாசிகம். நடைமுறையில் உள்ளது வியாவகாரிகம். முடிந்த முடிபாக உள்ளது பாரமார்த்திகம் என்று மெய்ம்மையை மூன்று நிலையாகப் பகுப்பர். கனவில் எழுந்த பசியைக் கனவுச் சோறு தீர்க்கும். நனவில் எழுந்த பசிக்கு நனவுச் சோறே வேண்டும். நடைமுறை நிலையில் வந்த துன்பத்திற்கு நடைமுறை நிலையிலேயே மருந்து வேண்டும். விழுந்த தோப்புக்கு நிவாரணத் தொகையும், புதிய கன்றும், கன்று காய்க்கும் வரை பிழைக்க வழியும்தான் விடை. மேல்நிலை உண்மையை எடுத்துக் கீழ்நிலைத் துன்பத்தை மூடுவது வேதாந்தம் ஆகாது. தன் துன்பத்தைத் தாங்கிக்கொள்ள ஒருவர் அதனைத் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளலாம். பிறர் துன்பத்தைக் கண்டுகொள்ளாமல் இருக்க அதனைச் சொல்லலாகாது. இவ்வேறுபாட்டை நான் பெரிதாக மதிக்கின்றேன்.

உறக்கத்தில் இல்லாதது

நனவு, கனவு, உறக்கம் என்னும் மூன்று நிலைகளையும் நாள்தோறும் நாம் கடக்கின்றோம். பகல் முழுதும் குனிந்து நாற்று நட்ட ஒரு பெண், இரவில் தன்னை மறந்து உறங்குகின்றாள். அந்த உறக்கத்தில் அவள் நடவாள் அல்லள், ஏழை அல்லள், இடுப்பு வலியும் இல்லை. அதே ஊரில் பெரிய வீட்டில் உறங்குபவரும் அந்நேரத்தில் நிலக்கிழார் அல்லர். இருவர்க்கும் உறக்கம் ஒன்று. பிருகதாரணியக உபநிடதம் இந்நிலையைக் கூறும்போது, அங்கே தந்தை தந்தையல்லன், தாய் தாயல்லள், சண்டாளன் சண்டாளன் அல்லன் என்கின்றது. சாதி என்பது நனவில் மட்டும் ஏறிக்கொள்ளும் ஓர் ஆரோபம் என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

ஒருமுறை வகுப்பில் இப்பகுதியை நடத்தியபோது மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: “அம்மா, எல்லாரும் ஒன்று என்று இவ்வளவு காலத்துக்கு முன்னரே தெரிந்திருந்தால், எங்கள் தெரு மட்டும் ஏன் ஊருக்கு வெளியே இருக்கிறது?” கைவல்ய நவநீதத்து மாணாக்கன் கேட்ட எந்த ஐயத்திற்கும் இது குறைந்ததன்று. சந்தேகம் தெளிதல் படலத்தில் சேர வேண்டிய ஐயம் என்றே அதனைக் கருதினேன்.

நன்னிலத்துக்கு அருகில் உள்ள முடிகொண்டானில் வாழ்ந்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். அத்துவித நூற்பயிற்சி உடையவர். 19 ஆம் நூற்றாண்டில் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளைப் பாடினார். சேக்கிழாரிடம் இல்லாத வேதியராகிய பண்ணையார் ஒருவரை அவர் படைத்தார். பண்ணையாள் ஒருவன் தில்லைக்குப் போக விடுப்புக் கேட்பதும், வயல் வேலையைக் காட்டி அது மறுக்கப்படுவதும் அக்கதையின் உயிர்நாடி ஆயின. காவிரி நாட்டின் அன்றாட வாழ்வு அப்படியே கதைக்குள் வந்தது. நந்தனார் நெருப்பில் மூழ்கி எழுந்த பின்னரே தில்லைக்குள் புகுந்தார் என்று கதை முடிகின்றது. ஆன்மா எக்காலத்தும் தூயது என்பது வேதாந்தம். தூயதாகவே உள்ளதைத் தூய்மை செய்ய நெருப்பு எதற்கு என்று அன்று எந்த வேதாந்தியும் கேட்டதாகக் கதையில் இல்லை.

தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952 ஆம் ஆண்டில் வந்தது. அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 1968 டிசம்பர் 25 ஆம் நாள் இரவில், கூலி உயர்வுப் போராட்டத்தின் தொடர்ச்சியாகக் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ அந்நிகழ்ச்சியின் பின்னணியில் எழுந்து 1977 ஆம் ஆண்டில் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. வெண்மணி நன்னிலத்திற்கு வெகுதொலைவு அன்று. ஒரே ஆற்று நீர் பாயும் நாடு. நீர் ஒன்று என்று சொல்லித் தந்த நாட்டில் இஃது எப்படி நடந்தது என்று கேட்காமல் வேதாந்தத்தை இனி எளிமையாகச் சொல்ல முடியாது என்பது என் எண்ணம்.

வேதாந்தம் தோற்றது என்று இதனால் நான் சொல்லவில்லை. காசியில் சண்டாளர் ஒருவரை விலகச் சொன்ன சங்கரரை நோக்கி, விலக வேண்டியது உடலா, ஆன்மாவா என்று அவர் கேட்டதாக ஒரு மரபு வழங்குகின்றது. கேள்வி சங்கரருடையதன்று, வழிமறிக்கப்பட்டவருடையது. வேதாந்தத்தின் மிக நல்ல கேள்வியைக் கேட்டவர் அவரே என்பதை அம்மரபே ஒப்புக்கொள்கின்றது. 1897 பிப்ரவரியில் கும்பகோணத்தில் ‘வேதாந்தத்தின் பணி’ என்னும் பொருளில் பேசிய விவேகானந்தரும் இத்திசையிலேயே சென்றார். பிறப்பினால் ஒருவனுக்குக் கல்வித்திறன் மிகுதி என்றால் அவன் கல்விக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை. எவனுக்கு இல்லையோ அவனுக்கே எல்லாச் செலவையும் செய்யுங்கள் என்று உயர்சாதியாரை நோக்கிச் சொன்னார். ஒருமையை நம்புகிறவர் தம் பணத்தை எங்கே செலவிட வேண்டும் என்று கேட்டதனால், அவ்வுரை கணக்கேட்டுக்குள் இறங்கிய வேதாந்தம் ஆயிற்று.

கடைந்தவள் யார்?

பெண்ணாக நின்று மற்றொன்றையும் சொல்ல வேண்டும். வெண்ணெய், உமி, உப்பு, குடம் என்று நாம் பார்த்த எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை பெண்களின் கைவேலை. மத்துப் பிடித்தவள் பெண். உலக்கை பிடித்தவள் பெண். உப்பின் அளவு அறிந்தவள் பெண். குடம் சுமந்தவளும் அவளே. ஆனால் நூலில் அமர்ந்து கேட்கும் மாணாக்கன் ஆண். சொல்லும் ஆசிரியனும் ஆண். வீரை ஆளவந்தார் தமிழில் தந்த ஞானவாசிட்டத்தில் சூடாலை என்னும் அரசி முதலில் ஞானம் பெற்று, காட்டில் தவம் செய்த தன் கணவனுக்கு அதனை உணர்த்துகின்றாள். அவள் அரண்மனையை விட்டுப் போகாமலேயே அறிந்தாள். அவனோ எல்லாவற்றையும் விட்டுச் சென்றும் அறியாமல் இருந்தான். அன்றாட வாழ்வின் நடுவிலேயே வேதாந்தம் கைகூடும் என்பதற்கு இக்கதை சிறந்த சான்று. ஆயினும் சூடாலை, தான் பெண்ணாகவே நின்று சொன்னால் கணவன் ஏற்கமாட்டான் என்று ஓர் ஆண் வடிவம் கொண்டு சென்றே உபதேசிக்க நேர்ந்தது. ஆன்மாவுக்கு ஆண் பெண் இல்லை என்று சொல்லும் நூலிலேயே இவ்வாறு! கதை தன்னை அறியாமலே நம் சமூகத்தைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

பத்தாமவன்

இவ்வட்டத்திற்குப் பத்து வயது. ஆதலால் கைவல்ய நவநீதம் எடுத்தாளும் பத்தாமவன் கதையோடு நிறைவு செய்கின்றேன்.

பத்துப் பேர் ஓர் ஆற்றைக் கடந்தனர். கொள்ளிடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கரையேறியதும் எல்லாரும் வந்துவிட்டோமா என்று ஒருவன் எண்ணினான். ஒன்பது பேர்தான் இருந்தனர். தன்னை எண்ண மறந்தான். மற்றவர் எண்ணியபோதும் அவ்வாறே. பத்தாமவன் வெள்ளத்தில் போய்விட்டான் என்று அழுதனர். வழிப்போக்கர் ஒருவர் வந்து, பத்தாமவன் இருக்கின்றான் என்றார், சற்றே தேறினர். பின்னர், எண்ணியவனைத் தொட்டு, நீயே பத்தாமவன் என்றார், அழுகை நின்றது, மகிழ்ச்சி பிறந்தது.

ஞானத்தின் ஏழு நிலைகளை இக்கதையில் காட்டுவர். பத்தாமவனை அறியாதது அஞ்ஞானம், இல்லை என்றது ஆவரணம், அழுதது விட்சேபம், இருக்கின்றான் என்று கேட்டு நம்பியது பரோட்ச ஞானம், நானே அவன் என்று அறிந்தது அபரோட்ச ஞானம், அழுகை நின்றது துன்ப நீக்கம், மகிழ்ந்தது ஆனந்தம். பத்தாமவன் எங்கிருந்தும் வரவில்லை. புதிதாகப் பிறக்கவும் இல்லை. எண்ணிக்கையில் விடுபட்டிருந்தான், அவ்வளவே.

தன்னை எண்ணாமல் விட்டவனுக்குக் கதை சொல்லும் அறிவுரை இது. நம் ஊர்களிலோ வேறு ஒரு பிழையும் உண்டு. தன்னை மட்டும் மறவாமல் எண்ணி, வெளித் தெருவில் நிற்பவரையும் அடுக்களையில் நிற்பவரையும் கடைமடையில் நிற்பவரையும் எண்ணாமல் விட்டுவிடுகின்றோம். அவர்கள் எண்ணிக்கையில் சேரும்வரை ஒருமை என்று நாம் சொல்வது ஒன்பது பேரின் ஒருமைதான். உறக்கத்தில் எல்லாரும் ஒன்று என்று கண்டது பெரிய அறிவு. விழித்திருக்கும்போதும் அதனைக் காப்பதுதான் அதனினும் அரிய செயல்.

கவிஞர்களே, உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மேலான பொருளைச் சொல்ல எளிய பொருளை எடுப்பது நன்னிலத்தார் நமக்குக் காட்டிய வழி. வரப்பையும் உலக்கையையும் உப்பையும் நீங்களும் எடுங்கள். எடுத்த இடத்தில் யார் நின்றிருந்தார் என்பதையும் பாடலில் மறவாதீர்கள். பத்தாண்டுகள் தமிழ் வளர்த்த இவ்வட்டம் இன்னும் பல பத்தாண்டுகள் கண்டு, எண்ணிக்கையில் விடுபட்டவர்கள் எல்லாரும் வந்து அமரும் அவையாக வளர வாழ்த்தி அமைகின்றேன்.